கல்வெட்டில் இல்லாத கணக்கு

இந்தப் பாலத்தைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. அதற்காக அமெரிக்கா போயிருக்க வேண்டிய அவசியமெல்லாம் இல்லை. காலண்டரில் பார்த்திருப்பீர்கள். சலூன் சுவரில் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் திரையில் பார்த்திருப்பீர்கள். ஹாலிவுட் படமென்றால் கேட்கவே வேண்டாம். பூகம்பம் வந்தாலும் சரி, ராட்சத மிருகம் வந்தாலும் சரி, முதல் அடி இதற்குத்தான் விழும். கடலுக்கு நடுவே செக்கச் செவேலென்று இரண்டு கோபுரங்கள். இடையில் அந்தரத்தில் தொங்கும் ஒரு சாலை. இடுப்புவரை போர்த்திக்கொண்ட மூடுபனி.

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம்.

பெயரில் தங்கம் இருக்கிறது. பாலத்தில் பொட்டுத் தங்கம் கிடையாது. பெயருக்கும் கலிபோர்னியாவில் தோண்டியெடுத்த தங்கத்துக்கும்கூடச் சம்பந்தம் இல்லை. 1846ல் ஜான் ஃப்ரீமான்ட் என்கிற ராணுவ அதிகாரி அந்தக் கடல் வாயிலைப் பார்த்தார். இஸ்தான்புல் துறைமுகத்துக்குத் 'தங்கக் கொம்பு' என்று பழைய பெயர் உண்டல்லவா? அது ஞாபகம் வந்தது அவருக்கு. இதற்குத் 'தங்க வாசல்' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். கலிபோர்னியாவில் தங்கம் அகப்பட்டதே 1848ல்தான். பெயர் முந்திக்கொண்டது. தங்கம் பிந்திக்கொண்டது.

இந்தப் பாலம் எழுந்த கதையில் இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று, காசுக் கணக்கு. அது அணா பைசா சுத்தமாக நேராகிவிட்டது. இன்னொன்று, ஆள் கணக்கு. யார் உழைத்தார், யார் பெயர் வாங்கினார், யார் உயிரைக் கொடுத்தார் என்கிற கணக்கு. சிக்கல் முழுக்க இதில்தான்.

*

சான் பிரான்சிஸ்கோ நகருக்கு மூன்று பக்கம் தண்ணீர். வடக்கே கண்ணுக்கு எட்டிய தூரத்தில் மாரின் மாவட்டம். பச்சைப் பசேல் மலைகள். நடுவில் சுமார் ஒரு மைல் அகலத்துக்குக் கடல். தாண்ட வேண்டுமென்றால் படகு. மனிதர்கள் மட்டும் போய்வந்த காலத்தில் அது பெரிய பிரச்னையாக இல்லை. 1920களில் ஆளாளுக்குக் கார் வாங்கினார்கள். காரையும் படகில்தானே ஏற்றவேண்டும்? விடுமுறை நாளென்றால் படகுத் துறையில் மணிக்கணக்கில் வரிசை.

பாலம் கட்டினால் என்ன?

கேட்பதற்கு ரொம்ப சுலபமான கேள்வி. ஆனால், கட்ட வேண்டிய இடம் சாதாரண இடம் இல்லை. பசிபிக் பெருங்கடலும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவும் கைகுலுக்கிக்கொள்ளும் வாசல் அது. நடுவில் ஆழம் 300 அடிக்கு மேல். ஒவ்வொரு ஏற்றவற்றத்திலும் ஒட்டுமொத்த விரிகுடாவின் தண்ணீரும் அந்தச் சந்துக்குள் புகுந்து புறப்படும். எதிரே நிற்பவர் முகம் தெரியாத அளவுக்கு மூடுபனி. ஆளைத் தள்ளும் காற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, சில மைல் தொலைவிலேயே சான் ஆண்ட்ரியாஸ் என்கிற பூகம்பப் பிளவு. 1906ல் நகரத்தையே உலுக்கிப் போட்ட பிளவு.

1916ல் ஜேம்ஸ் வில்கின்ஸ் என்கிற பத்திரிகைக்காரர் பாலம் வேண்டும் என்று எழுத ஆரம்பித்தார். நகரத்தின் தலைமைப் பொறியாளர் மைக்கேல் ஓ'ஷாக்னஸி, நாட்டில் பெயர்பெற்ற நிபுணர்களிடம் விசாரித்தார். முடியாது என்றார்கள் சிலர். முடியும், ஆனால் 10 கோடி டாலர் ஆகும் என்றார்கள் சிலர். இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான்.

ஒரே ஒருவர் மட்டும் முடியும் என்றார். அதுவும் 1921ல் அவர் கொடுத்த மதிப்பீடு வெறும் 1.7 கோடி டாலர்!

ஜோசப் ஸ்ட்ராஸ். சிகாகோவில் சொந்தமாகக் கம்பெனி வைத்திருந்தவர். அஞ்சடி சுமாருக்குத்தான் உயரம். ஆனால் ஆசைகள் ஒவ்வொன்றும் ஆகாசத்தை முட்டும். கல்லூரியில் படித்த காலத்திலேயே அமெரிக்காவையும் ரஷ்யாவையும் பேரிங் நீரிணைக்குக் குறுக்கே பாலம்போட்டு இணைப்பதைப் பற்றி ஆய்வுரை எழுதியவர். கவிதையும் எழுதுவார். அதுவரை நூற்றுக்கணக்கான பாலங்களைக் கட்டியிருந்தார். எல்லாம் பெரும்பாலும் கப்பல் வந்தால் இரண்டாகப் பிளந்து மேலே தூக்கி வழிவிடுகிற சின்னப் பாலங்கள். இத்தனை நீளமான தொங்கு பாலம் ஒன்றைக்கூட அவர் கட்டியதில்லை.

முதலில் அவர் போட்டுக் கொடுத்த படத்தைப் பார்த்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். பாதி இரும்புச் சட்டம், பாதி தொங்கு பாலம் என்று ஓர் ஒட்டுமாங்கனி. எலிப்பொறியைக் கவிழ்த்துப் போட்டமாதிரி இருக்கிறது என்று கிண்டல் செய்தன பத்திரிகைகள். ஸ்ட்ராஸ் அசரவில்லை. மனுஷனுக்குப் பாலம் கட்டும் திறமையைவிடப் பெரிய திறமை ஒன்று இருந்தது. விடாமல் பேசுவது. ஊர் ஊராகப் போனார். கூட்டம் போட்டார். அதிகாரிகளைப் பார்த்தார். அரசியல்வாதிகளைப் பார்த்தார். சுமார் பத்து வருடம் இதே வேலையாக அலைந்தார்.

எதிரிகளுக்குப் பஞ்சமே இல்லை. படகுப் போக்குவரத்தில் கொழித்துக்கொண்டிருந்த ரயில்வே கம்பெனி எதிர்த்தது. சும்மா இருக்குமா? பாலம் வந்தால் பிழைப்பு போய்விடுமே. கடற்படை கவலைப்பட்டது. நாளை யுத்தத்தில் யாராவது பாலத்தைக் குண்டு போட்டுத் தகர்த்தால், துறைமுகத்தின் ஒரே வாசலும் அடைபட்டுவிடும். இயற்கை ரசிகர்கள், அழகான கடல் வாசலில் இரும்பைக் கொண்டுவந்து நிறுத்துவதா என்றார்கள். வழக்குமேல் வழக்கு. இருகரையிலும் இருந்த நிலம் ராணுவத்துக்குச் சொந்தம். அவர்கள் தலையாட்டாமல் எதுவும் நடக்காது. 1924 இறுதியில் யுத்த இலாகா ஒருவழியாகத் தலையாட்டியது.

அனுமதி கிடைத்துவிட்டது. பணம்?

*

இங்கேதான் எனக்கு இந்தக் கதையில் பிடித்த கட்டம் வருகிறது. மத்திய அரசு காசு தரவில்லை. மாநில அரசும் தரவில்லை. ஆறு மாவட்டங்கள் சேர்ந்து ஒரு பால வாரியத்தை அமைத்துக்கொண்டன. 3.5 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிடுவது என்று முடிவு. பாலத்தில் வசூலாகும் சுங்கத்திலிருந்து அசலும் வட்டியும் அடைபடும். சரி, எதிர்பார்த்த அளவு வண்டி வராமல் போனால்? சுங்கம் வசூலாகாவிட்டால்? அப்போது அந்த மாவட்டங்களில் இருக்கும் ஜனங்களின் சொத்துதான் பிணை. வீடு, பண்ணை, கடை எல்லாமே.

சம்மதமா என்று மக்களிடமே கேட்டார்கள். 1930 நவம்பர் 4ம் தேதி ஓட்டெடுப்பு. அந்தத் தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை தலைகுப்புற விழுந்து ஒரே வருடம்தான் ஆகியிருந்தது. வங்கிகள் மூடிக்கொண்டிருந்தன. வேலை போனவர்கள் தெருவில் நின்றுகொண்டிருந்தார்கள். இந்த லட்சணத்தில் யாராவது சொந்த வீட்டை ஒரு பாலத்துக்காக ஜாமீன் வைப்பார்களா?

வைத்தார்கள். ஆதரவு 1,45,057 ஓட்டு. எதிர்ப்பு 46,954 ஓட்டு.

அதற்குப் பிறகும் பத்திரத்தை வாங்க ஆள் இல்லை. மந்தநிலையில் யார் வாங்குவார்? ஸ்ட்ராஸ், ஏ.பி. ஜியானினியிடம் போனார். பாங்க் ஆஃப் அமெரிக்காவை உருவாக்கியவர். இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளை. 1906 பூகம்பத்தில் நகரமே எரிந்து கிடந்தபோது, படகுத் துறையில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து கடன் கொடுத்தவர். ஜியானினியின் வங்கி பத்திரங்களை வாங்கச் சம்மதித்தது. 1933 ஜனவரி 5ம் தேதி மண் வெட்ட ஆரம்பித்தார்கள்.

*

காசுக் கணக்கு இருக்கட்டும். இன்னொரு கணக்கைப் பார்க்கலாம்.

அந்த எலிப்பொறி டிசைன் என்ன ஆயிற்று? குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. 1929ல் ஸ்ட்ராஸைத் தலைமைப் பொறியாளராக நியமித்த வாரியம், கூடவே மூன்று ஆலோசகர்களையும் அமர்த்தியது. ஆத்மர் அம்மான், லியோன் மொய்ஸீஃப், சார்லஸ் டெர்லெத். தொங்கு பாலம் என்றால் நியூயார்க்கில் இருந்த மொய்ஸீஃப்தான் அன்றைக்குப் பெரிய புள்ளி. மெல்லிய, வளைந்து கொடுக்கிற, முழுக்க முழுக்கத் தொங்கு பாலமே இங்கே சாத்தியம் என்பது அவர் கட்சி. காற்று அடிக்கிறதா? முரண்டு பிடிக்காமல் கொஞ்சம் அசைந்து கொடு. அந்த விசை கேபிள் வழியாகக் கோபுரத்துக்கும் கரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

தத்துவம் சரி. அதை எண்ணாக மாற்ற வேண்டுமே? கோபுரத்தின் ஒவ்வொரு அறையும் எத்தனை டன் தாங்கும், வெயிலில் கேபிள் எத்தனை அங்குலம் நீளும், குளிரில் எவ்வளவு சுருங்கும், காற்றில் சாலை எத்தனை அடி நகரும்? கம்ப்யூட்டர் இல்லாத காலம். காகிதம், பென்சில், ஸ்லைடு ரூல், கையால் சுற்றும் கூட்டல் மெஷின். அவ்வளவுதான்.

அந்த வேலையைச் செய்தவர் சார்லஸ் எல்லிஸ். ஸ்ட்ராஸ் கம்பெனியின் ஊழியர். அதற்கு முன்னால் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். கல்லூரியில் அவர் படித்தது கணிதமும் கிரேக்கமும். பாலம் கட்டும் வித்தையை வேலையில் சேர்ந்துதான் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டு அதற்குப் பாடப்புத்தகமே எழுதுகிற அளவுக்கு வளர்ந்தார். சிகாகோவில் எல்லிஸ், நியூயார்க்கில் மொய்ஸீஃப். இருவருக்கும் நடுவே கணக்குகள் தந்தியில் பறந்தன. இரண்டு பேரும் தனித்தனியாகப் போட்டு, விடை ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தார்கள். மாதக்கணக்கில் இதே வேலை.

ஸ்ட்ராஸுக்குப் பொறுமை போயிற்று. இது ஒன்றும் அப்படி விசேஷமான பாலம் இல்லை, இதற்கு இத்தனை நேரமும் செலவும் தேவையில்லை என்பது அவர் எண்ணம். நேரம் மட்டும்தான் காரணமா? தன் கனவுப் பாலத்தைப் பற்றி இன்னொருவர் அதிகாரத்தோடு பேசுவதை அவரால் தாங்க முடியவில்லை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1931 டிசம்பரில் எல்லிஸை விடுமுறையில் போகச் சொன்னார். போனார். விடுமுறை முடியும் நேரத்தில் ஒரு கடிதம் வந்தது. வேலையை உதவியாளரிடம் ஒப்படைத்துவிடவும். விடுமுறையைச் சம்பளமில்லாமல் காலவரையின்றி நீட்டித்துக்கொள்ளவும்.

புரிகிறதல்லவா? ஆள் காலி.

நாடு முழுக்க வேலையில்லாத் திண்டாட்டம். ஐம்பத்தைந்து வயது மனிதர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். இன்னொருவராக இருந்தால் பாலமாவது மண்ணாவது என்று விட்டிருப்பார். எல்லிஸ் என்ன செய்தார் தெரியுமா? கோபுரங்களின் கணக்கில் ஒரு சந்தேகம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்து முதலிலிருந்து மறுபடி போட்டார். வாரத்துக்கு 70 மணி நேரம். மாதக்கணக்கில். ஒரு பைசா சம்பளம் இல்லாமல். யாரும் கேட்காமல்.

1934ல் பர்டூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை கிடைத்துப் போனார். எல்லிஸ் இருந்த இடத்துக்கு ஸ்ட்ராஸ் கொண்டுவந்தவர் கிளிஃபோர்ட் பெயின். பாலம் முடிந்ததும் ஸ்ட்ராஸ் வாரியத்துக்குப் பெரிய இறுதி அறிக்கை கொடுத்தார். ஆலோசகர்கள் பெயர் இருந்தது. பெயின் பெயர் இருந்தது. எல்லிஸ் என்று ஒருவர் பிறந்ததற்கான அடையாளமே அதில் இல்லை. பாலத்தில் பதித்த பலகையிலும் இல்லை.

*

அயோக்கியன் என்று ஸ்ட்ராஸைத் தள்ளிவிடலாமா? அவசரப்படாதீர்கள். கட்டுமானம் நடந்த நாலு வருடங்களைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வடக்குக் கோபுரத்துக்குக் கரையோரமாகவே பாறை கிடைத்தது. தெற்குக் கோபுரம்தான் வில்லங்கம். கரையிலிருந்து 1,100 அடி தள்ளி, நடுக்கடலில் அஸ்திவாரம் போட வேண்டும். முதலில் அந்த இடம்வரை ஒரு தற்காலிக மரப்பாலம் போட்டார்கள். 1933 ஆகஸ்டில் மூடுபனியில் வழிதவறிய ஒரு சரக்குக் கப்பல் வந்து அதில் மோதியது. பழுது பார்த்தார்கள். அக்டோபர் கடைசியில் புயல். மறுபடி கட்டினார்கள். டிசம்பரில் இன்னொரு புயல் வந்து பெரும்பகுதியைப் பிய்த்துக்கொண்டு போனது. அதையும் மறுபடி கட்டினார்கள்.

கடலடியில் பாறையை வெடிவைத்துச் சமப்படுத்த டைவர்கள் இறங்கினார்கள். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே நீரோட்டம் ஓயும் சில நிமிடங்கள்தான் அவர்களுக்குக் கிடைத்த நேரம். கிட்டத்தட்ட 100 அடி ஆழம், கும்மிருட்டு, தடவித் தடவித்தான் வேலை. அப்புறம் கால்பந்து மைதானம் அளவுக்குக் கடலுக்குள் ஒரு கான்கிரீட் மதில் எழுப்பினார்கள். உள்ளே இருந்த தண்ணீரை இறைத்து வெளியேற்றினார்கள். நடுக்கடலில் ஒரு காய்ந்த குழி! அதற்குள்தான் தெற்குக் கோபுரத்தின் பாதம் எழுந்தது.

கோபுரங்கள் தண்ணீருக்கு மேல் 746 அடி. இரண்டுக்கும் நடுவே 4,200 அடி. அதாவது 1,280 மீட்டர். 1964ல் நியூயார்க்கில் வெரஸானோ பாலம் வரும்வரை உலகிலேயே நீளமான தொங்கு இடைவெளி இதுதான். எஃகு, நாட்டின் கிழக்குக் கோடியில் தயாராகி பனாமா கால்வாயைச் சுற்றிக்கொண்டு கப்பலில் வந்தது. தாங்குகிற பிரதான கேபிள் இரண்டு. ஒவ்வொன்றும் மூன்றடி தடிமன். அது ஒரே கம்பி இல்லை. பென்சில் பருமனில் 27,572 கம்பிகளை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் இழுத்து, சேர்த்து அழுத்திக் கட்டியது. மொத்தக் கம்பியையும் பிரித்து நீட்டினால் 80,000 மைல். பூமியை மூன்று சுற்று சுற்றலாம்.

நிறத்துக்கு ஒரு குட்டிக் கதை. கடற்படை, கப்பல்களின் கண்ணில் படும்படி கறுப்பில் மஞ்சள் பட்டை அடிக்கச் சொன்னது. விமானப் படை, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை கேட்டது. நினைத்துப் பாருங்கள், வரிக்குதிரை மாதிரி ஒரு பாலம்! இர்விங் மாரோ என்கிற உள்ளூர் கட்டடக் கலைஞர்தான் காப்பாற்றினார். அதுவரை பெரும்பாலும் வீடுகளுக்குப் படம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர். எஃகின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க அடித்திருந்த செந்நிறப் பூச்சு, மலைகளின் பழுப்புக்கும் கடலின் நீலத்துக்கும் நடுவே எப்படி எடுத்துக் காட்டுகிறது என்பது அவர் கண்ணில் பட்டது. அந்தச் சாயலிலேயே ஆரஞ்சு சிவப்பைத் தேர்ந்தெடுத்து, எல்லோரிடமும் வாதாடி ஜெயித்தார்.

*

இப்போது அந்தக் கணக்குக்கு வருகிறேன்.

அன்றைய கட்டுமானத் தொழிலில் எழுதப்படாத ஒரு விதி இருந்தது. 10 லட்சம் டாலர் வேலைக்கு ஓர் உயிர். யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். சிமென்ட்டுக்கு இவ்வளவு, இரும்புக்கு இவ்வளவு, சாவுக்கு இவ்வளவு. அந்த விகிதத்தில் 3.5 கோடி டாலர் பாலத்துக்கு 35 பிணம் விழ வேண்டும்.

ஸ்ட்ராஸ் அந்த விதியை ஏற்க மறுத்தார். தலையில் ஹெல்மெட் கட்டாயம் என்றார். அப்போது அது புதுசு. கண் கூசாமல் இருக்கக் கண்ணாடி. இடுப்பில் பாதுகாப்புக் கயிறு. உயரத்தில் நின்று வித்தை காட்டினால் உடனே சீட்டுக் கிழிப்பு. முதல் நாள் ராத்திரி குடித்துவிட்டுத் தள்ளாடி வருகிறவர்களுக்கு, தெளிவதற்காகப் புளித்த முட்டைக்கோஸ் சாறு!

1936ல் சாலைத் தளம் அமைக்கும் வேலை ஆரம்பமானபோது இன்னொன்றும் செய்தார். பாலத்தின் அடியில், ஒரு கரையிலிருந்து மறுகரை நோக்கி, சர்க்கஸில் பார்ப்போமே, அதுமாதிரி வலை. சாலையின் அகலத்தைவிட இருபுறமும் பத்தடி கூடுதலாக. செலவு 1,30,000 டாலருக்கு மேல். காசைக் கடலில் கொட்டுவது என்றுதான் அன்றைய காண்டிராக்டர் யாரும் சொல்லியிருப்பார்.

பி.காம். படித்தவன் என்பதால் கை சும்மா இருக்கவில்லை. வகுத்துப் பார்த்தேன். 3.5 கோடியில் 1.3 லட்சம். அதாவது 100 டாலர் செலவில் 37 சென்ட். அந்த 37 சென்ட்டில் 19 பேர் உயிர் பிழைத்தார்கள். விழுந்தார்கள், வலையில் ஆடினார்கள், ஏறி மேலே வந்தார்கள். தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். பெயர், 'நரகத்துக்குப் பாதி வழி சங்கம்'.

வலையால் இன்னொரு லாபமும் இருந்தது. கீழே பார்த்துப் பார்த்துப் பயந்து அடியெடுத்து வைத்தவர்கள், தைரியமாக நடமாடினார்கள். வேலை வேகமாக நடந்தது.

ஆரம்பித்து ஏறக்குறைய நாலு வருடம் ஒரு சாவுகூட இல்லை. 1936 அக்டோபர் 21ம் தேதி முதல் உயிர் போயிற்று. அதன்பிறகு, எல்லாம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது, 1937 பிப்ரவரி 17. சாலைத் தளத்துக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்த சாரம் ஒன்று பிடி விட்டது. எடை 5 டன். அதன்மேல் ஆட்கள். ஆள் விழுந்தால் தாங்குகிற வலைதான். 5 டன் இரும்பைத் தாங்குமா? கிழிந்து, சாரத்தையும் மனிதர்களையும் சுருட்டிக்கொண்டு கடலில் விழுந்தது. 12 பேர் கீழே போனார்கள். 2 பேர் மட்டும் பிழைத்தார்கள்.

ஆக மொத்தம் சாவு 11. முப்பத்தைந்தோடு ஒப்பிட்டால் குறைவுதான். அதே நகரத்தில் அதே வருடங்களில் கட்டிய இன்னொரு பாலத்தில் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனால் அந்தப் பதினோரு வீடுகளில் போய் இந்த ஒப்பீட்டைச் சொல்ல முடியுமா? அவர்கள் பெயர்கள் பாலத்தில் ஒரு பலகையில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

ஒரு மனிதரின் பெயரை ஈவிரக்கமில்லாமல் வெட்டி எறிந்த அதே கைதான், பெயரே தெரியாத தொழிலாளிகளுக்காக வலை கட்டியது. இரண்டும் ஒரே ஸ்ட்ராஸ். ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழிக்க முடியாது. தனித்தனிப் பத்தியில்தான் எழுதவேண்டும்.

*

1937 மே 27ம் தேதி பாலம் திறந்தது. முதல் நாள் நடப்பவர்களுக்கு மட்டும். தலைக்கு 25 சென்ட் கட்டணம். சுமார் 2 லட்சம் பேர் வந்தார்கள். மறுநாள், வாஷிங்டனில் அமர்ந்தபடி அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு தந்திப் பொத்தானை அழுத்த, கார்கள் கிளம்பின. குறித்த காலத்துக்கு முன்பே முடிந்திருந்தது. மதிப்பீட்டில் 13 லட்சம் டாலர் மிச்சம் வேறு. ஸ்ட்ராஸ் வழக்கம்போல ஒரு கவிதை எழுதினார். ஒரு வருடம்கூட முழுசாக அவர் இருக்கவில்லை. 1938 மே 16ம் தேதி காலமானார். 1941ல் அவருக்குச் சிலை வைத்தார்கள். பீடத்தில், கோல்டன் கேட் பாலத்தின் தலைமைப் பொறியாளர் என்று இருக்கிறது. பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

எல்லிஸ் 1949ல் இறந்தார். பர்டூவில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர், அவ்வளவுதான்.

கடன் பத்திரம் என்ன ஆயிற்று? ஜனங்களின் ஒரு வீடும் ஏலத்துக்குப் போகவில்லை. 1971ல் கடைசிப் பத்திரமும் அடைந்தது. அசல் 3.5 கோடி டாலர். வட்டி கிட்டத்தட்ட 3.9 கோடி டாலர். அசலைவிட வட்டி அதிகம். மொத்தமும் சுங்கக் காசு.

1986ல் ஜான் வான் டெர் ஸீ என்பவர் பாலத்தின் கதையைப் புத்தகமாக எழுதினார். பழைய கடிதங்களையும் ஆவணங்களையும் அவர் கிளறியபோது எல்லிஸ் வெளியே வந்தார். அடுத்த வருடம் பாலத்துக்குப் பொன்விழா. 1987 மே 24ம் தேதி, வண்டிகளை நிறுத்திவிட்டு மக்களை நடக்க விட்டார்கள். வந்த கூட்டத்தில் சுமார் 3 லட்சம் பேர் ஒரே நேரத்தில் பாலத்தின்மேல் நெருக்கியடித்து நின்றார்கள். காரைவிட நெருக்கமாக நிற்கும் மனிதர்களின் எடை அதிகம். நடுவில் மேல்நோக்கி வளைந்திருக்கும் சாலை, சுமார் ஏழடி கீழிறங்கித் தட்டையானது. பார்த்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. பாலம் ஒன்றும் ஆகவில்லை. கூட்டம் கலைந்ததும் பழையபடி எழுந்துகொண்டது. வளைந்து கொடுக்கட்டும் என்றுதானே கணக்குப் போட்டிருந்தார்கள்?

பால வாரியம் எல்லிஸின் பங்கை முறைப்படி ஒப்புக்கொண்டது 2007ல். அவர் பெயர் தாங்கிய பலகை பாலத்தில் வைக்கப்பட்டது 2012ல். பாலத்துக்கு அப்போது 75 வயது. எல்லிஸ் இறந்து 63 வருடம் ஆகியிருந்தது.

வலையின் கதை அதோடு முடியவில்லை. 1937ல் வேலை முடிந்ததும் தொழிலாளிகளின் வலையைக் கழற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு வேறொரு துக்கம் அந்தப் பாலத்தைப் பிடித்துக்கொண்டது. மனம் உடைந்து அங்கே வந்து நின்றவர்களில் பல நூறு பேர் வீடு திரும்பவில்லை. தடுப்பு வேண்டும் என்று அவர்களுடைய பெற்றோர்களும் உறவினர்களும் வருடக்கணக்கில் மன்றாடினார்கள். செலவு அதிகம், அழகு கெடும், காட்சி மறையும் என்று பதில்கள் வந்தன. 2008ல்தான் வலை கட்டலாம் என்று வாரியம் முடிவெடுத்தது. பணம் புரட்டி, வேலை தொடங்கி, இரும்புக் கம்பி வலை முழுசாக முடிந்தது 2024 ஜனவரியில். செலவு 20 கோடி டாலருக்கும் மேல். அதற்குப் பிறகு அங்கே சாவுகள் வெகுவாகக் குறைந்திருக்கின்றன.

காலண்டர் படத்தில் அந்த வலை தெரியாது. சாலைக்குக் கீழே, கோபுரங்களின் அழகைக் கெடுக்காமல் பக்கவாட்டில் நீண்டுகொண்டிருக்கிறது. எல்லிஸின் கணக்கும் படத்தில் தெரியாதுதான். ஆனால் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன.